நாலாம் மாடியில் இறங்கிப் போன பாதி

உறவுக்காரர்கள் அவரை நிதியமைச்சர் என்றுதான் சொல்வார்கள். கிண்டல்தான், ஆனால் பாதிக் கிண்டல். மீதிப் பாதி நிஜ மரியாதை, வம்பே அங்கேதான். குடும்பத்தில் யார் கையிலாவது நாலு காசு சேர்ந்துவிட்டால், "எதுக்கும் நிதியமைச்சர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுவோம்" என்று கிளம்பி வந்துவிடுவார்கள். மனுஷரும் லேசில் வாயைத் திறந்துவிட மாட்டார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "இந்தப் பணம் உங்களுக்கு எப்பத் தேவைப்படும்?" என்று ஆரம்பிப்பார். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்கிற தோரணை. கேட்க வந்தவர்களுக்கு அதிலேயே பாதி நோய் தீர்ந்துவிடும்.

உத்தியோகம் என்னவோ லிப்ட் ஓட்டுவது. ஏழு மாடி அலுவலகக் கட்டடம். கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, பித்தளைப் பிடியைத் திருப்பினால்தான் நகரும் அந்தக் காலத்து லிப்ட். புதிதாக ஒன்று போட ஆகும் செலவைக் கேட்டுவிட்டு கட்டட முதலாளி வருஷா வருஷம் மயங்கி விழுந்துகொண்டிருந்ததால், இவருடைய வேலை இருபத்திரண்டு வருஷமாக நிலைத்தது. மூலையில் ஒரு முக்காலி, தலைக்கு மேலே எப்போதும் கிறுகிறுக்கும் ஒரு குட்டி விசிறி. அவ்வளவுதான் அவருடைய ஆபீஸ்.

நாலாம் மாடியில் ஒரு ஆடிட்டர் அலுவலகம் இருந்தது. நிதியமைச்சர் படித்த பள்ளிக்கூடம் அதுதான். உள்ளே போய் அல்ல, போகிற வழியில். தரைத்தளத்திலிருந்து நாலாம் மாடிக்கு நாற்பது வினாடி. கோப்பும் கையுமாக வரும் கடைக்காரர்கள், கம்பெனிக்காரர்கள், அவர்களோடு பேசிக்கொண்டே ஏறும் ஆடிட்டர் அம்மா, எல்லோரும் அந்த நாற்பது வினாடிக்குள் லட்சம் லட்சமாகப் பேசுவார்கள். இவர் பிடியைப் பிடித்தபடி, காதை மட்டும் பின்பக்கம் திருப்பி வைத்திருப்பார். "வட்டி எவ்வளவுன்னு பாக்காதீங்க, வரி போக கைக்கு என்ன வருதுன்னு பாருங்க." இதை ஆடிட்டர் அம்மா எத்தனை பேரிடம் சொல்லி அவர் எத்தனை தடவை கேட்டிருப்பார் என்று கணக்கே கிடையாது. அதற்குள் நாலாம் மாடி வந்துவிடும். கதவைத் திறந்துவிடுவார். மிச்சப் பேச்சு நடைவழியோடு போய்விடும்.

அவருக்கு மிச்சம் வேண்டியிருக்கவில்லை. கிடைத்த வாக்கியமே அவ்வளவு கம்பீரமாக இருந்தது.

இன்னொன்றையும் அவர் கவனித்திருந்தார். பெரிய மனுஷர்கள் வரியைப் பற்றி அலுத்துக்கொள்ளும்போது அந்த அலுப்பில் ஒரு ஒய்யாரம் இருந்தது. "என்னத்த சம்பாதிச்சு என்ன, எல்லாம் வரிக்கே போகுது" என்று சொல்லும்போது, பரீட்சையில் முதலாவதாக வரும் பிள்ளையின் சேட்டையைப் பற்றிக் குறை சொல்லும் தகப்பன் குரல் அது. அந்தக் குரல் மேல் இவருக்கு ஆசை வந்துவிட்டது. கல்யாண வீடுகளில், "இந்த வரி இருக்கே" என்று பெருமூச்சு விடத் தொடங்கினார். கட்டுகிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கட்டவில்லை என்றும் சொன்னதில்லை. அவர் வாங்குகிற சம்பளம் வரியின் வாசற்படியைக்கூட மிதிக்காது என்பது அவருக்கும் சம்பளப் பட்டியலுக்கும் மட்டும் தெரியும்.

அவருக்கு ஒரே தங்கை. நாற்பது வயதாகியும் அவருக்கு அவள் பாப்பாதான். புருஷன் போனபோது பெண் குழந்தைக்கு ஆறு வயது. அதிலிருந்து பள்ளிக்கூடப் பை தைக்கிற பட்டறையில் வேலை. பையின் தோள்வாரை மட்டும் தைப்பாள், ஒரு நாளைக்கு இருநூறு ஜோடி. கட்டைவிரலில் ஊசி ஏறி ஏறி நகம் இரண்டாகப் பிளந்திருக்கும். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி அவள் சேர்த்தது நாலு லட்சம். பெண்ணை நர்ஸிங் படிக்க வைக்க வேண்டும், அது ஒன்றுதான் அவளுடைய திட்டம். படிப்பு தொடங்க இன்னும் மூன்று வருஷம் இருந்தபோது, அந்தப் பணத்தைச் சும்மா பாஸ்புக்கில் தூங்க விடாதே என்று சொன்னது நிதியமைச்சர்தான். அது நல்ல யோசனைதான், அதில் குற்றம் சொல்ல முடியாது.

குற்றம் வங்கியில் நடந்தது.

அன்றைக்கு வங்கியில் கூட்டம். தங்கையும் இவரும் வரிசையில் நின்றார்கள். இரண்டு பேர் தள்ளிப் பின்னால் ஒரு குரல், "என்ன சம்பந்தி, நீங்களும் இங்கதானா?" இவர் மகளுக்குப் பேசி முடித்திருந்த இடம். கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருந்தது. சம்பந்திக்குப் பெயிண்ட் கடை, நாலைந்து வேலையாட்கள், வரிசையில் நிற்கும்போதே செல்போனில் யாரையாவது அதட்டுகிற மனுஷர். சம்பந்தம் பேசும்போது இவர் தன்னைப் பற்றி, "கட்டட நிர்வாகத்துல இருக்கேன்" என்று சொல்லி வைத்திருந்தார். பொய் என்று சொல்ல முடியாது. லிப்டும் கட்டடத்துக்குள்தானே இருக்கிறது.

அவர்களுடைய முறை வந்தது. கவுண்டரில் இருந்த அம்மா பொறுமைசாலி. தங்கையைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்.

"ரெண்டு விதமாப் போடலாம்மா. சாதாரண வைப்புன்னா ஏழரை வட்டி, ஆனா வட்டிக்கு வரி உண்டு. வரியில்லாத கணக்குன்னா அஞ்சுதான், மூணு வருஷம் கை வைக்கவும் முடியாது. நீங்க வருமான வரி கட்டுறவங்களா?"

தங்கை வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அவளாவது, வரியாவது. ஆனால் முதுகுக்குப் பின்னால் சம்பந்தி நிற்கிறார். என் கூடப்பிறந்தவள் பை தைக்கிறாள், வரி கட்டுகிற அளவுக்கு எங்கள் வீட்டில் யாரும் இல்லை என்பது அந்த வரிசை முழுக்கக் கேட்கப்போகிறது. இவருக்கு உடம்பெல்லாம் சுட்டது. தங்கையை முந்திக்கொண்டார்.

"கட்டாம எப்படிம்மா? எங்க குடும்பத்துல எல்லாரும் கட்டுறவங்கதான். வட்டி எவ்வளவுன்னு பாக்கக் கூடாது, வரி போக கைக்கு என்ன வருதுன்னு பாக்கணும். வரியில்லாததுலயே போடுங்க."

கவுண்டர் அம்மா தங்கையின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். தங்கை அண்ணனைப் பார்த்தாள். பிறகு படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"சம்பந்திக்கு எல்லாம் அத்துப்படி" என்றார் பின்னால் நின்றவர்.

இவர் வெளியே வரும்போது நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. மகள் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது, மூன்று வருஷம் ஓடியது, அந்த நாலு லட்சத்தைப் பற்றி அவர் இன்னொரு தடவை நினைக்கவே இல்லை.

கணக்கு முதிர இரண்டு வாரம் இருந்தபோது ஒருநாள் முற்பகல், ஆடிட்டர் அம்மாவும் ஜவுளிக்கடைக்காரர் ஒருவரும் லிப்டில் ஏறினார்கள். மூன்றாம் மாடியைத் தாண்டியதும் கரண்ட் போனது. விசிறி நின்றது, லிப்டும் அந்தரத்தில் நின்றது. "பத்து நிமிஷம் ஆகுங்க, ஜெனரேட்டர் போடணும்" என்றார் இவர். அவர்கள் அலுத்துக்கொண்டு, விட்ட பேச்சைத் தொடர்ந்தார்கள்.

கடைக்காரர் சொன்னார், "என் டிரைவர் இருக்கானே, நான் வரியில்லாத கணக்குல போட்டிருக்கேன்னு கேள்விப்பட்டு, அவனும் போய் அதே கணக்குல போட்டுட்டு வந்துட்டான்."

ஆடிட்டர் அம்மா, "அடப் பாவமே" என்றாள். "அது உங்கள மாதிரி ஆளுக்கு. நூத்துக்கு நாப்பது வரி கட்டுறீங்க. உங்களுக்கு ஏழரை வட்டி வந்தா வரி போக நாலரைதான் மிஞ்சும். அதுக்கு வரியில்லாத அஞ்சு மேல். டிரைவருக்கு என்ன வரி? அவருக்கு ஏழரைன்னா ஏழரையும் முழுசாக் கைக்கு வரும். அத விட்டுட்டு அஞ்சு வாங்குறார். மழையே இல்லாத ஊர்ல குடைக்கு வாடகை கட்டுற கதை."

கடைக்காரர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்க. அரைகுறையாத் தெரிஞ்சவங்க யாராவது பெரிய மனுஷன் மாதிரி சொல்லியிருப்பாங்க. அவர் பாவம், நம்பியிருப்பார்."

இருட்டாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று. இருபத்திரண்டு வருஷமாக நாலாம் மாடியில் இறங்கிப் போய்க்கொண்டிருந்த மிச்சப் பாதி அன்றைக்குத்தான் இறங்க வழியில்லாமல் லிப்டுக்குள்ளேயே நின்றது. அவர் காதில் விழாமல் போக இடமே இல்லை. கரண்ட் வந்ததும் பிடியைத் திருப்பினார். நாலாம் மாடியில் நிறுத்த மறந்து ஐந்துக்குப் போய், "மன்னிச்சுக்கங்க" என்று மறுபடி கீழே இறக்கினார்.

வீட்டுக்கு வந்து பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டார். நாலு லட்சத்துக்கு ஏழரை என்றால் வருஷம் முப்பதாயிரம். ஐந்து என்றால் இருபதாயிரம். மூன்று வருஷத்தில் முப்பதாயிரம் காற்றோடு போயிருக்கிறது. வேறு மாதிரி போட்டாலாவது குறையுமா என்று பார்த்தார். எப்படிப் போட்டாலும் முப்பதாயிரம் முப்பதாயிரமாகவே நின்றது.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல, தலைவலி" என்று தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தெரியாமல் செய்தது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திப் பார்த்தார். அரைகுறையாகக் கேட்டது உண்மைதான், அது தெரியாமல் நடந்தது. ஆனால் அந்தக் கவுண்டர் அம்மா கேட்டாளே ஒரு கேள்வி, அதற்குச் சொன்ன பதில் தெரியாமல் சொன்னதா? பொய் என்று தெரிந்துதான் சொன்னார். அந்த ஒரு பொய் இல்லாவிட்டால் அவளே சரியான கணக்கில் போட்டிருப்பாள். இதை நினைக்கும்போதெல்லாம், தனியாக இருக்கும்போதுகூட, அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

கணக்கு முதிர்ந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தங்கை வங்கிச் சீட்டோடு வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணா, பாரேன். நாலு லட்சத்து அறுபதாயிரம். வரின்னு ஒரு பைசா பிடிக்கல. நீ மட்டும் அன்னைக்குக் கூட வரலன்னா எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

இவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். சொல்ல வேண்டிய இடம் அதுதான். இரண்டே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். "ஆமா" என்றார்.

"கல்லூரியில நாலு எண்பத்தஞ்சு கேக்கறாங்க. மொத்தமா, சேரும்போதே. அஞ்சாம் தேதிக்குள்ள கட்டணும். இருபத்தஞ்சுதான் குறையுது. பட்டறை முதலாளி தர்றேன்னிருக்கார். ஒரு வருஷம் சாயங்கால ஷிப்டும் சேத்துப் பாக்கணும், அவ்வளவுதான். பாத்துட்டாப் போச்சு."

ஒரு வருஷம் சாயங்கால ஷிப்ட். ஏற்கெனவே ஒரு நாளைக்கு இருநூறு ஜோடி தோள்வார். இவர் அந்தப் பிளந்த நகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். சரியான கணக்கில் போட்டிருந்தால் கல்லூரிக்குக் கட்டி ஐயாயிரம் மிஞ்சியிருக்கும். "முதலாளிகிட்ட இன்னும் வாங்கிடாத பாப்பா. ரெண்டு நாள் பொறு" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு, அதற்குள்ளும் நிதியமைச்சர் குரல் இருந்ததைக் கேட்டு அவருக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் கட்டட மேலாளர் முன்னால் போய் நின்றார். முன்பணம் முப்பது கேட்டார். இருபத்தைந்துக்கு மேல் வழக்கமில்லை என்றார் மேலாளர். சம்பளத்தில் மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு பிடித்துக்கொள்ள எழுதிக் கொடுத்துவிட்டு, உறையை உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டார்.

பஸ்ஸில் உட்கார்ந்தபோது அவருக்குள் ஒரு யோசனை தலைதூக்கியது. மகா மட்டமான யோசனை, ஆனால் மனுஷ புத்தி அப்படித்தான் வேலை செய்கிறது. ஏன் சொல்ல வேண்டும்? தங்கச்சி பெண் படிப்புக்கு மாமன் கொடுக்கிறான் என்று உறையை நீட்டிவிட்டால் போயிற்று. அவளுக்குக் குறை தீர்ந்தது, இவருக்குப் பாவம் தீர்ந்தது, பெயரும் கெடாது. கெடாதது மட்டுமா, இன்னும் ஒரு படி ஏறும். இறங்க வேண்டிய நிறுத்தம் வருவதற்குள் பேச வேண்டிய வசனத்தைக்கூட மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டார்.

தங்கை வீடு ஒரே அறை, ஓரத்தில் அடுப்பு. பெண் தரையில் உட்கார்ந்து கல்லூரிப் படிவம் எழுதிக்கொண்டிருந்தாள். "வாங்க மாமா" என்று எழுந்து இருந்த ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

இவர் உறையை நீட்டினார். "இருபத்தஞ்சு இருக்கு. பாப்பா, நீ சாயங்கால ஷிப்டெல்லாம் போக வேணாம். மாமன்னு நான் எதுக்கு இருக்கேன்?"

வசனம் பிசகாமல் வந்தது.

தங்கை உறையை வாங்கவில்லை. அப்படியே நின்றாள். கண் நிறைந்துவிட்டது. "உன் பொண்ணு கல்யாணக் கடனே இன்னும் முடியல. எங்கண்ணா போய் வாங்கின?" என்றாள். பிறகு மகளிடம் திரும்பி, "மாமா கால்ல விழுந்து கும்பிட்டுக்கோடி. உங்கப்பா இருந்திருந்தாக்கூட இப்படிச் செஞ்சிருப்பாரான்னு தெரியல" என்றாள்.

அந்தப் பெண் படிவத்தைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள்.

இவர் துள்ளி எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது. "வேணாம்மா, எந்திரி, எந்திரி" என்று அவளைத் தோளைப் பிடித்துத் தூக்கினார். செத்தாலும் இதை வாங்கிக்கொள்ள முடியாது என்று தோன்றியது. மற்றதெல்லாம் தாங்கலாம், அந்தக் குழந்தை காலில் விழுவதைத் தாங்க முடியாது.

"இது என் காசு இல்ல பாப்பா. உன் காசு" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். உட்காராமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஏழரை என்றால் என்ன, ஐந்து என்றால் என்ன, யாருக்கு எது. லிப்ட் நின்றது. காலண்டர் தாள். முப்பதாயிரம். "எனக்கு அப்ப முழுசாத் தெரியாது" என்றவர், அதோடு விடாமல், "ஆனா நீ வரி கட்டலன்னு தெரியும். நானும் கட்டினதில்ல, ஒரு நாளும். சம்பந்தி பின்னாடி நின்னார். வெக்கமா இருந்துச்சு, சொல்லிட்டேன்" என்றார்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். உள்ளுக்குள் வேறொரு எதிர்பார்ப்பும் ஒளிந்திருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். "போனாப் போகுது விடுண்ணா, நீ வேணும்னேவா செஞ்ச?" என்று அவள் சொல்லிவிடுவாள் என்று.

தங்கை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அழுத ஈரம் இன்னும் இருந்தது, அழுகை நின்றுவிட்டிருந்தது.

"அந்தம்மா என்னைப் பாத்துத்தான்ணா கேட்டாங்க" என்றாள்.

"ஆமா."

"எனக்கு இந்த ஏழரை, அஞ்செல்லாம் புரியல. ஆனா கேட்ட கேள்விக்குப் பதில் என் வாயில இருந்துச்சு. இல்லன்னு சொல்ல வாயத் தொறந்தேன். எனக்கு அதுல ஒரு வெக்கமும் இல்ல. நீ ஏன்ணா எனக்காக வெக்கப்பட்ட?"

கண்ணாடியைக் கழற்றப் போன கை பாதியில் நின்றது.

தங்கை உறையை வாங்கினாள். பிரித்தாள். விளக்கு வெளிச்சத்துக்கு நகர்ந்து, கட்டைவிரலை நாக்கில் தொட்டு, ஒவ்வொரு தாளாக எண்ணினாள். பிறந்ததிலிருந்து அண்ணன் கையால் எத்தனையோ வாங்கியிருக்கிறாள். ஒரு தடவைகூட அவர் முன்னால் எண்ணிப் பார்த்ததில்லை. இவர் நின்றுகொண்டே இருந்தார். உட்காரலாமா என்பதும் தெரியவில்லை. எண்ணி முடிக்க அவளுக்கு வெகு நேரம் ஆனது போலிருந்தது.

"இருபத்தஞ்சு இருக்குண்ணா" என்றாள். பணத்தை மகள் கையில் கொடுத்துவிட்டு நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். "மிச்சம் அஞ்சு எப்ப தருவ?"